செம்புச் சத்தும் உடம்பின் இழைகளும்

செம்பு என்றவுடன் நம் சங்க அங்கத்தினர்களுக்குக் குடமும் தவலையும் நினைவிற்கு வரும். நெசவாளர்களுக்கு மலிவான சரிகையினுள் ஓடும் செம்புக் கம்பியும், விவசாயிகளுக்கு மயில் துத்தமும் கூடவே நினைவிற்கு வருதல் இயல்பு. மயில் துத்தத்தைச் சுண்ணாம்புடன் கலந்து கொடிகளுக்குத் தெளிக்கும் போர்டோக் கலவை 1885-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துத் திராட்சைத் தோட்டங்களின் வாயிலாகப் பிரசித்தி பெற்றது. இன்றும் அது வழக்கொழியவில்லை. ஆயின், நாம் அன்றாடம் உண்ணும் உணவிலும் செம்பு மிகச் சிறிய அளவில் கலந்திருக்கிறது என்பதும், அச்சிறிய அளவு தவறினால் எலும்பும் தோலும் இரத்தக் குழாயும் கட்டுக் குலையும் என்பதும் அவ்வளவாகப் பரவாத செய்திகளாகும்.

ஆய்வுக்காகச் சங்கங்களுக்குச் செல்லும்போது, பேரேடுகளைப் பார்த்து முடித்த பின்னர் அங்கத்தினர்களோடு சிறிது நேரம் அளவளாவுவது நம் வழக்கம். அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் தம் மணிக்கட்டிலிருந்த செம்பு வளையத்தைக் காட்டி, "ஐயா, குழித்தறியில் நாற்பது வருஷம் உட்கார்ந்த உடம்பு. உடம்பில் செம்பு குறைந்துவிட்டதால்தான் மூட்டு வலிக்கிறது என்று சொல்லி இதை விற்றார்கள். மெய்தானா?" என்று கேட்டார். அருகிலிருந்தவர்கள் செம்புக் குடத்துத் தண்ணீரைப் பற்றியும், ஆடுகளுக்குத் தரும் தாது உப்பைப் பற்றியும் வினவினர். அவர்களுக்கு அன்று சுருங்கச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறோம்.

இணைப்புத் திசு

தசை, நரம்பு, ஈரல் என உறுப்புக்கள் பலவாக இருப்பினும், அவற்றைத் தத்தம் இடத்தில் பிடித்து நிறுத்துவது இணைப்புத் திசு எனப்படும் இழைமயமான பொருளே. தசையை எலும்போடு கட்டும் நாண்களும், எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களும், மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பும், தோலின் அடித்தளமும், இரத்தக் குழாய்களின் சுவரும் இதனால் ஆனவை. எலும்பிலும் சுண்ணாம்புச் சத்து படிவதற்குரிய சட்டமாக அமைவது இவ்விழைகளேயாகும்.

இவற்றுள் முதன்மையானது கொலாஜன். நம் உடம்பிலுள்ள புரதம் முழுவதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே. மூன்று புரிகளை ஒன்றாக முறுக்கிய கயிற்றைப் போன்றது இதன் அமைப்பு. இழுத்தால் நீளாது; அவ்வளவு உறுதி. மற்றொன்று எலாஸ்டின். இதன் குணம் நேர்மாறானது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குச் சுருங்கும். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி ஒவ்வொரு துடிப்பிற்கும் விரிந்து சுருங்குகிறது. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை என்று கணக்கிட்டுப் பாருங்கள். எந்தத் தறியின் எந்தக் கயிறும் அத்தனை இழுப்பைத் தாங்காது.

இவ்விழைகளின் தனிப் புரிகளை உடம்பிலுள்ள உயிரணுக்கள் உண்டாக்கி வெளியே விடுகின்றன. ஆனால் நூலைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டால் அது துணியாகிவிடாது என்பதை நெசவாளர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் புரியோடு புரியைப் பிணைக்கும் குறுக்குக் கட்டு வேண்டும். இக்கட்டு விழும்படி செய்வது லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதி. புரதச் சங்கிலியில் ஆங்காங்கே லைசின் என்னும் அமினோ அமிலம் இருக்கும். நொதியானது பிராணவாயுவின் துணைகொண்டு லைசினின் நுனியை மாற்றிவிடுகிறது. மாறிய நுனிகள் அதன் பின் தாமாகவே அண்டையிலுள்ள நுனிகளோடு சேர்ந்து கொள்கின்றன. எலாஸ்டினில் நான்கு லைசின்கள் ஒன்றுகூடி ஒரே முடிச்சாக விழுவதும் உண்டு. அதற்கு டெஸ்மோசின் என்று பெயர்.

இந்நொதியின் நடுவே செம்பின் அணு ஒன்று அமர்ந்திருக்கிறது. அது இல்லையேல் நொதி வேலை செய்யாது. புரிகள் வந்து குவியும். கட்டு மட்டும் விழாது. வெளிப் பார்வைக்கு இழை இருப்பதாகவே தோன்றும். பாரம் ஏறும்போதுதான் குறை தெரியும்.

கொலாஜனுக்கு இதற்கு முந்திய படியில் இரும்பும் வைட்டமின் சி-யும் தேவைப்படுகின்றன. கப்பலில் நெடுநாள் சென்ற மாலுமிகளுக்குப் பழமும் காய்கறியும் இன்றி ஈறு கரைந்து பழம்புண் திறந்ததெல்லாம் அப்படி தவறியதனால்தான். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

ஆட்டு மந்தையில் கிடைத்த பாடம்

செம்பு ஓர் உணவுச் சத்து என்பதை முதலில் தெளிவாக நிறுவியவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஹார்ட், ஸ்டீன்பாக், வாடெல், எல்வெஜம் ஆகியோர். பாலை மட்டும் உண்டு இரத்தம் குன்றிய எலிகளுக்கு இரும்பை மட்டும் கொடுத்தால் போதவில்லை, சிறிது செம்பும் சேர்ந்தபோதே இரத்தம் ஊறியது என்பதை 1928-ஆம் ஆண்டில் அவர்கள் காட்டினர். ஆயினும் செம்புக் குறையின் முழு விபரீதத்தையும் உலகிற்குக் காட்டியது ஆராய்ச்சிச் சாலை எலியன்று. ஆஸ்திரேலியாவின் ஆட்டு மந்தையே.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்கு வடக்கே ஜின்ஜின் என்ற வட்டாரம் இருக்கிறது. அங்கே ஆட்டுக் குட்டிகள் பின்னங்கால் தள்ளாடி, நிற்க மாட்டாமல் விழுந்து மடிவது வழக்கமாயிருந்தது. ஊரார் அதற்கு "ஜின்ஜின் ரிக்கெட்ஸ்" என்று பெயரிட்டிருந்தனர். அம்மாநில விவசாய இலாகாவில் கால்நடை நோய் ஆராய்ச்சியாளராக இருந்த பென்னெட்ஸ் என்பார் இதை ஆராய்ந்து, மேய்ச்சலில் செம்பு போதாமையே காரணம் என்று 1937-ஆம் ஆண்டில் சாப்மன் என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். சினையாடுகளுக்குச் சிறிதளவு செம்பு கொடுத்தால் பிறக்கும் குட்டிகள் தப்பின. அதே மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில் கறவைப் பசுக்கள் முன்னறிவிப்பு ஏதுமின்றித் திடீரென்று விழுந்து இறந்தன. "விழு நோய்" என்று அழைக்கப்பட்ட அதற்கும் செம்புக் குறையே மூலம் என்பதை அவரே கண்டறிந்தார். பசுக்களின் இதயத் தசை மெல்ல மெல்லத் தேய்ந்து போயிருந்தது.

நெசவாளர்கள் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டிய செய்தி இனி வருகிறது. நல்ல மெரினோ ஆட்டின் மயிரைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது அலை அலையாக நெளிந்திருக்கும். இந்நெளிவு அழகுக்காக ஏற்பட்டதன்று. அதனாலேயே மயிர்கள் ஒன்றையொன்று பற்றிக் கொண்டு நூலாக நிற்கின்றன. துணியும் காற்றைத் தன்னுள் பிடித்து வைத்து வெதுவெதுப்பைத் தருகிறது. செம்பு குறைந்த மேய்ச்சலில் வளர்ந்த ஆடுகளின் மயிரில் இந்நெளிவு மறைந்துவிட்டது. கம்பிபோல் நேராகவும் பளபளப்பாகவும் வளர்ந்த அதனை வியாபாரிகள் "எஃகுக் கம்பளி" என்று கூறினர். பெயரில்தான் எஃகு, இழுத்தால் எளிதில் அறுந்தது. ஆடு வேறு எவ்வித நோய்க் குறியும் காட்டாதபோதே கம்பளி இவ்வாறு கெடத் தொடங்கும். கருநிற ஆடுகளின் மயிர் வெளிறியும் போயிற்று. செம்பைக் கொடுத்தும் நிறுத்தியும் வந்தால் ஒரே மயிரில் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறிப் பட்டை விழுந்தது. அந்த ஆடு எந்த மாதத்தில் என்ன உண்டது என்பதை அதன் மயிரிலேயே படிக்கலாம்.

கம்பளி மயிர் இணைப்புத் திசு அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது கெராட்டின் என்னும் வேறு புரதம். அதிலுள்ள கட்டுக்கள் கந்தகத்தால் ஆனவை. ஆனால் அக்கட்டுக்கள் விழுவதற்கும் செம்பு வேண்டியிருக்கிறது. மயிருக்கு நிறம் தரும் நொதியிலும் செம்பு உண்டு. ஒரே உலோகம், வெவ்வேறு வேலை.

தெற்கு ஆஸ்திரேலியாவில் இப்பாடம் ஒரு நிலப்பரப்பையே மாற்றியது. "தொண்ணூறு மைல் பாலை" என்று பெயர் பெற்ற பகுதி அங்கே இருந்தது. பெயர் பாலையெனினும் மழை அவ்வளவு குறைவன்று. இருந்தும் மணற்பாங்கான அம்மண்ணில் எப்பயிரும் உருப்படவில்லை. செம்பும் துத்தநாகமும் மண்ணில் இல்லாததே காரணம் என்பதை 1940-களில் அரசாங்க ஆராய்ச்சியாளர் ரைஸ்மன் முதலியோர் நிலைநாட்டினர். சூப்பர் பாஸ்பேட்டுடன் ஏக்கருக்குச் சில கிலோ செம்பு, துத்தநாக உப்புக்களைக் கலந்து தூவியபோது குதிரைமசாலும் குளோவர்ப் பயறும் செழித்தன. ஆடும் மாடும் வந்தன. 1949-ஆம் ஆண்டு முதல் அந்நிலத்தைத் திருத்திக் குடியேறுவோருக்குப் பண்ணைகளாக்கிக் கொடுத்த நிறுவனம் ஆஸ்திரேலிய மியூச்சுவல் பிராவிடண்ட் சொசைட்டி. 1849-ஆம் ஆண்டில் சிட்னியில் தோன்றிய பரஸ்பர ஆயுள் காப்புச் சங்கம் அது. பாலிஸிதாரர்களே அதன் உரிமையாளர்கள். அங்கத்தினர்களின் சேமிப்பு அங்ஙனம் மண்ணிலிட்ட செம்பாகவும் துத்தநாகமாகவும் மாறி நின்றதைக் கூட்டுறவுத் துறையில் இருக்கும் நாம் சிறிது பெருமையோடுதான் படித்தோம். 1998-ஆம் ஆண்டில் அச்சங்கம் பரஸ்பர அமைப்பைக் கைவிட்டுப் பங்குக் கம்பெனியாகிவிட்டது என்பதையும் படித்தோம். அது வேறு கதை.

குஞ்சும் குழந்தையும்

செம்புக்கும் இணைப்புத் திசுவுக்கும் உள்ள உறவு வெளிப்பட்டது 1960-களில். அமெரிக்காவின் மிசௌரியில் ஓடெல் என்பாரும் அவருடன் உழைத்தோரும் செம்பில்லாத் தீவனம் கொடுத்து வளர்த்த கோழிக் குஞ்சுகள் பெருந்தமனி வெடித்து இறந்ததை 1961-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏறத்தாழ அதே சமயத்தில் யூட்டாவில் பன்றிக் குட்டிகளிடமும் இதுவே காணப்பட்டது. தமனிச் சுவரை நுண்பெருக்கியில் பார்த்தால் எலாஸ்டின் துண்டு துண்டாகக் கிடந்தது. இரசாயனப் பரிசோதனையோ இன்னும் தெளிவான விடை தந்தது: கட்டாக மாறியிருக்க வேண்டிய லைசின் மாறாமலே மிகுந்து நின்றது, டெஸ்மோசின் முடிச்சு குறைந்திருந்தது. 1968-ஆம் ஆண்டில் பின்னெல், மார்ட்டின் இருவரும் அக்கட்டை விளைவிக்கும் நொதியைக் குஞ்சின் எலும்பிலிருந்து பிரித்துக் காட்டினர்.

இதற்கிடையே நியூயார்க் நகரில் ஜான் மென்கிஸ் என்ற மருத்துவர் 1962-ஆம் ஆண்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து ஆண் குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிறந்து சில வாரங்கள் நன்றாக இருந்த அக்குழந்தைகள் பிறகு வளர்ச்சி குன்றி, வலிப்புக் கண்டு, சிறு வயதிலேயே இறந்தனர். அவர்களுடைய தலைமயிர் வெளிறி, முறுகி, தொட்டால் ஒடிவதாயிருந்தது. காரணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பத்தாண்டுகள் சென்றன. 1972-ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் டேவிட் டேங்க்ஸ் என்பார் இதே நோயுற்ற குழந்தைகளின் மயிரைக் கண்டு, "இது செம்புக் குறையுற்ற ஆட்டின் கம்பளியைப் போன்று இருக்கிறதே" என்ற எண்ணம் கொண்டார். இரத்தத்தைப் பரீட்சித்தார், செம்பு மிகக் குறைவாக இருந்தது. கம்பளி விளையும் நாட்டின் மருத்துவராக அவர் இல்லாதிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட இன்னும் எத்தனை ஆண்டு சென்றிருக்குமோ!

இக்குழந்தைகளுக்கு உணவில் செம்பு இல்லாமலில்லை. குடலின் உயிரணுக்கள் செம்பை ஏற்றுக் கொள்கின்றன. ஆனால் அதை இரத்தத்திற்கு ஏற்றி அனுப்பும் புரதம் பழுதுற்றிருக்கிறது. சரக்கு கிடங்கில் தேங்கி, கடைக்கு வராதது போன்ற நிலை. அப்புரதத்திற்குரிய மரபணு 1993-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. தாய் வழியாக வந்து பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பற்றும் இந்நோயில் தோல் தளர்ந்து தொங்கும்; தமனிகள் முறுக்குண்டு வளையும்; மூத்திரப் பையில் பிதுக்கங்கள் தோன்றும்; எலும்பு எளிதில் முறியும். எல்லாம் கட்டு விழாத இழையின் அடையாளங்கள். செம்பை வாயால் எவ்வளவு கொடுத்தும் பயனில்லையாதலின், செம்பு ஹிஸ்டிடின் என்னும் சேர்மத்தை ஊசி மூலம் செலுத்துகின்றனர். பிறந்த சில நாட்களுக்குள் தொடங்கினால் சில குழந்தைகளுக்கு நன்மை உண்டு. தாமதித்தால் மூளையில் ஏற்பட்ட கேடு மீள்வதில்லை. இது மிக மிக அரிய நோயே. எனினும் ஒரு குடும்பத்தில் இங்ஙனம் ஓர் ஆண் மகவு இறந்திருக்குமாயின், அடுத்த கருவுறுதலுக்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரியில் மரபியல் மருத்துவரிடம் அதனைச் சொல்லுதல் வேண்டும்.

உணவினாலேயே குறை நேர்ந்த குழந்தைகளும் உண்டு. பெரு நாட்டின் லிமா நகரில், கடும் பட்டினியிலிருந்து மீட்டெடுத்துப் பாலையே பிரதானமாகக் கொடுத்து வளர்த்த சிசுக்களுக்கு இரத்தம் குன்றி, வெள்ளை அணுக்கள் குறைந்து, எலும்புகள் பலவீனமுற்றதைக் கோர்டானோ முதலியோர் 1964-ஆம் ஆண்டில் விவரித்தனர். பாலில் செம்பு மிகக் குறைவு. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை தன் ஈரலில் செம்பைச் சேமித்துக் கொண்டே வருகிறது. முதல் மாதங்களுக்கு அச்சேமிப்பு உதவும். குறைமாதத்தில் பிறந்ததற்கும், பட்டினியால் அச்சேமிப்பைச் செலவிட்டுவிட்டதற்கும் அவ்வுதவி இல்லை. ஆறு மாதம் நிறைந்த பின்னும் பசும்பாலையே நம்பி இருத்தல் தகாது என்று சுகாதார ஊழியர்கள் சொல்வதற்கு இரும்பு மட்டுமன்று, இதுவும் ஒரு காரணம்.

நம் அடுப்பங்கரையில்

பெரியவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 0.9 மில்லி கிராம் செம்பு போதும் என்பது அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் குழு 2001-ஆம் ஆண்டில் வகுத்த அளவு. கர்ப்பிணிகளுக்கு 1 மில்லி கிராம், பாலூட்டும் தாய்மாருக்கு 1.3 மில்லி கிராம். எள்ளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 4 மில்லி கிராம் செம்பு இருக்கிறது. ஆதலின் 25 கிராம் எள்ளே ஒரு நாளைய தேவையை நிறைத்துவிடும். முந்திரிப் பருப்பில் 2 மில்லி கிராமும் நிலக்கடலையில் 1 மில்லி கிராமும் உண்டு. ஆட்டு ஈரலில் எல்லாவற்றிலும் மிகுதி. கொண்டைக்கடலை, பயறு வகைகள், கேழ்வரகு ஆகியவையும் நல்லவையே. பருப்பும் பயறும் கடலையும் உண்ணும் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குச் செம்புக் குறை வருவது அரிது. வெண்மையாகத் தீட்டிய அரிசிச் சோறும் மோரும் மட்டுமே மூன்று வேளையும் உண்பவரைப் பற்றியே நமக்குக் கவலை. அவருக்குக் குறைவது செம்பு ஒன்று மட்டும் இராது.

செம்புக் குடத்தில் இரவு வைத்த நீரைப் பருகுவதில் கெடுதல் இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லி கிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. பெங்களூரில் நடந்து 2012-ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனையில், செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த நீரில் அவ்வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான செம்பே இருந்தது. கலந்திருந்த நோய்க் கிருமிகளும் அழிந்திருந்தன. ஆனால் புளி, மோர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை ஈயம் பூசாத செம்பிலோ பித்தளையிலோ வைத்தலாகாது. களிம்பு ஏறும் என்று நம் பாட்டிமார் அறிந்திருந்தனர்.

பாட்டிமார் அறியாதது பாலைப் பற்றியது. பால் புளிப்பற்றதாதலின் அதற்குக் குற்றமில்லை என்று கருதினர். பாலின் புரதம் பாத்திரத்திலுள்ள செம்பை இழுத்துத் தன்னோடு பிணைத்துக் கொள்ளும். நம் நாட்டில் ஒரு காலத்தில் பல குடும்பங்களில் சிசுக்களின் ஈரல் கட்டிப்பட்டு மரணம் நேர்ந்து வந்தது. பூனாவில் ஆராய்ந்த மருத்துவர்களும் இங்கிலாந்தின் டேனர் என்பாரும் 1983-ஆம் ஆண்டில், அத்தகைய குழந்தைகளுக்குப் பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சிய பால் மிகச் சிறு வயதிலேயே புகட்டப்பட்டிருந்ததை எடுத்துக் காட்டினர். எவர்சில்வர்ப் பாத்திரம் பரவியபின் அந்நோய் பெரும்பாலும் மறைந்தது. பழம் பாத்திரங்கள் மீண்டும் நாகரிகமாகி வரும் இந்நாளில், குழந்தைக்குரிய பாலை மட்டும் அவற்றில் காய்ச்ச வேண்டா என்று வீட்டிலுள்ளோரிடம் சொல்லி வையுங்கள்.

துத்தநாக மாத்திரையையும் இங்கே குறிப்பிட வேண்டும். (மயில் துத்தம் செம்பின் உப்பு, துத்தநாகம் வேறு உலோகம். பெயரைக் கண்டு மயங்கலாகாது.) 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பல வீடுகளில் இம்மாத்திரை புகுந்தது, சிலர் இன்னமும் விடாமல் விழுங்கி வருகின்றனர். மிகுதியான துத்தநாகம் மாதக்கணக்கில் குடலில் சேர்ந்தால், குடலின் உயிரணுக்கள் ஒருவகைப் புரதத்தை மிகுதியாக உண்டாக்கும். அப்புரதம் செம்பைப் பற்றிக் கொண்டு உள்ளே விடாது. இரத்தம் குன்றி, கால் மரத்து, நடை தள்ளாடும் நிலைக்கு வந்தவர்கள் உண்டு. வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்கு மருத்துவர் 14 நாள் கொடுக்கச் சொல்லும் துத்தநாகம் இவ்வகையில் சேராது, அதை நிறுத்தலாகாது.

இனி அம்மூத்த அங்கத்தினரின் வளையம். வயது முதிர்ந்து, உழைப்பினால் தேயும் மூட்டுக்குக் காரணம் செம்புக் குறை அன்று. வளையத்தின் செம்பு தோல் வழியே புகுந்து மூட்டைச் செப்பனிடும் என்பதற்கும் ஆதாரமில்லை. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக் கழகத்தார் முடக்குவாதம் கொண்ட 70 பேரிடம் செம்பு வளையத்தையும் போலி வளையத்தையும் மாற்றி மாற்றி அணியச் செய்து பார்த்து, வலியிலோ வீக்கத்திலோ வேறுபாடு இல்லை என்று 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாம் அவரிடம், "பெரியவரே, அணிய விருப்பமிருந்தால் அணியுங்கள், ஆனால் அதை நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்" என்றோம். வளையம் 600 ரூபாய் என்று அவர் சொன்னபோதுதான் நமக்கு வருத்தம் மிகுந்தது. அத்தொகைக்கு எள்ளும் கடலையும் வாங்கியிருந்தால் ஒரு குடும்பத்திற்குப் பல வாரங்களுக்குக் காணும்.

ஆடு வளர்ப்போருக்கு

ஆஸ்திரேலியக் கதையைக் கேட்டுவிட்டு நம் ஆடுகளுக்கும் மயில் துத்தம் கரைத்து ஊற்றிவிடலாம் என்று எவரும் துணிய வேண்டா. செம்பு குறைந்தால் கெடும் பிராணிகளுள் செம்மறியாடு முன் நிற்பதைப் போலவே, மிகுந்தால் மடியும் பிராணிகளுள்ளும் அதுவே முன் நிற்கிறது. மற்றக் கால்நடைகளைப்போல் அது மிகுதியான செம்பை எளிதில் வெளியேற்றுவதில்லை. ஈரலில் மாதக்கணக்கில் சேர்ந்து கொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. பின் ஒரு நாள், நீண்ட நடையினாலோ தீவன மாற்றத்தினாலோ களைத்த சமயத்தில், ஈரல் அத்தனை செம்பையும் இரத்தத்தில் கொட்டிவிடும். கண்ணும் ஈறும் மஞ்சள் பாய்ந்து, மூத்திரம் கருஞ்சிவப்பாகி, இரண்டொரு நாளில் ஆடு விழும். வெள்ளாடு இதைவிடச் சற்று அதிகம் தாங்கும்.

இவ்விபத்து நேரும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. போர்டோக் கலவை தெளித்த தோட்டத்தின் அடிப்புல்லில் செம்மறியை மேய விடுவது ஒன்று. மாட்டுக்கென்று தயாரித்த தாது உப்புக் கலவையையும் அடர்தீவனத்தையும் ஆட்டுக்கும் சேர்த்துப் போடுவது மற்றொன்று. மாட்டுக் கலவையில் செம்பு மாட்டின் தேவைக்கேற்பச் சேர்க்கப்பட்டிருக்கும். செம்மறிக்கு அது நாட்பட நாட்பட நஞ்சாகும். நம் சங்கங்கள் சில தாது உப்பை மொத்தமாகக் கொள்முதல் செய்து அங்கத்தினர்களுக்கு வழங்குவதைக் காண்கிறோம். நல்ல பணியே. ஆனால் மூட்டையில் மாட்டுக்கானது என்றிருப்பதைப் பிரித்துக் காகிதப் பொட்டலமாகக் கட்டி எல்லார்க்கும் ஒன்றாகக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கிச் செல்பவர் மாடு வைத்திருப்பவரா, செம்மறி வைத்திருப்பவரா என்பது அங்கத்தினர் பதிவேட்டிலேயே பெரும்பாலும் இருக்கிறது. கொள்முதல் பட்டியலில் செம்மறிக்குரிய கலவையைத் தனி இனமாகக் குறிப்பதும், பொட்டலத்தின்மேல் எந்தக் கால்நடைக்கு என்று எழுதுவதும் குமாஸ்தாவுக்குப் பெரிய வேலையன்று. குட்டிகள் தள்ளாடுவதாகவோ கருமயிர் வெளிறுவதாகவோ சந்தேகம் தோன்றினால், கால்நடை மருத்துவரைக் கொண்டு இரத்தத்தைச் சோதித்த பின்னரே செம்பு கொடுக்க வேண்டும். அளவை அவர் எழுதித் தருவார்.